பெற்றோர் அறியாத பிள்ளை மனம்

ஓர் ஊரில் எத்தனை பிள்ளைகளுக்குப் பார்வைக் குறைவு, எத்தனை பிள்ளைகளுக்குக் காது மந்தம், எத்தனை பேருக்குச் சொறி சிரங்கு என்று கணக்கெடுப்பது கடினமன்று. மருத்துவர் ஒருவரும் உதவியாளர் இருவரும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக ஏறி இறங்கினால் கணக்கு கைக்கு வந்துவிடும். அதே ஊரில் எத்தனை பிள்ளைகளின் மனம் நோயுற்றிருக்கிறது என்று கேட்டால் என்ன செய்வது? யாரைக் கேட்பது? பெற்ற தாயையா? பாடம் நடத்தும் ஆசிரியரையா? அல்லது அந்தப் பிள்ளையையே அழைத்து உட்கார வைத்து, 'தம்பி, உன் மனத்தில் என்ன குறை?' என்று கேட்பதா?

கேள்வி எளியதாகத்தான் தோன்றுகிறது. ஆயினும், அதற்கு ஒழுங்கான விடை காண மருத்துவ உலகம் 1960களின் நடுப்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதுவரை பிள்ளைகளின் மனநோய் பற்றி மருத்துவர்கள் அறிந்திருந்தவை பெரும்பாலும், தங்கள் வாயில் தேடி அழைத்து வரப்பட்ட பிள்ளைகளைப் பார்த்து அறிந்தவையே. அப்படி அழைத்து வரப்படுவோர் யார்? திருடும் பிள்ளை, சக மாணவனைக் கல்லால் அடிக்கும் பிள்ளை, வீட்டில் கண்ணாடியை உடைக்கும் பிள்ளை. பிறருக்குத் தொல்லை தருகிற பிள்ளையைத்தான் பெரியவர்கள் மருத்துவரிடம் இழுத்துச் செல்கிறார்கள். சொன்ன வேலையைச் செய்துவிட்டு, யாரிடமும் வாய் திறவாமல், மூலையில் ஒடுங்கிக் கிடக்கும் பிள்ளைக்கோ 'சமர்த்து' என்னும் பட்டம் கிடைத்துவிடுகிறது. ஆகவே, மருத்துவமனைக் கணக்கு ஒருபோதும் ஊர்க் கணக்கு ஆகாது.

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் லபூஸ், மங்க் என்னும் இரு பெண் ஆய்வாளர்கள் ஊர்க் கணக்கு எடுக்க முற்பட்டார்கள். 6 முதல் 12 வயது வரையிலான 482 பிள்ளைகளின் தாய்மார்களை வீடு தேடிச் சென்று விசாரித்தார்கள். நூற்றுக்கு 43 பிள்ளைகளுக்கு ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட அச்சங்களும் கவலைகளும் இருப்பதாகத் தாய்மார்களே சொன்னார்கள். பாம்பு, இருட்டு, இடி, பள்ளித் தேர்வு என்று பிள்ளை எதற்கேனும் அஞ்சுவது இயல்பு. அஞ்சுகிறான் என்பதாலேயே அவன் நோயாளி ஆகிவிட மாட்டான் என்பதற்கு அது முதற் சான்று ஆயிற்று. அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. ஒரு பகுதிப் பிள்ளைகளிடமும் அதே கேள்விகளைத் தனியே கேட்டுப் பார்த்தார்கள். பிள்ளைகள் சொன்ன அச்சங்கள், தாய்மார்கள் சொன்னவற்றைக் காட்டிலும் மிகுதியாக இருந்தன. பெற்ற தாய்க்கே தெரியாத அச்சங்கள் பிள்ளைக்கு உண்டு என்பது அன்றே புலப்பட்டது. எனினும், அச்சம் எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வி அப்படியே நின்றது.

வைட் தீவு

இங்கிலாந்தின் தென்கரைக்கு அப்பால், சொலண்ட் என்னும் குறுகிய கடற்காலைக் கடந்தால் வைட் தீவு. ஏறத்தாழ 380 சதுர கிலோமீட்டர் பரப்பு. அக்காலத்தில் ஓர் இலட்சத்தை ஒட்டிய மக்கள் தொகை. சிறு நகரங்களும் சிற்றூர்களும் கலந்து கிடக்கும் அமைதியான பகுதி. தீவு முழுமைக்கும் ஒரே கல்வி நிர்வாகம் என்பதால், குறிப்பிட்ட வயதுப் பிள்ளைகள் எல்லோரையும் ஒருவர் விடாமல் தேடிப் பிடிக்க முடியும். ஆய்வுக்கு இதைவிட வாய்ப்பான இடம் வேறு ஏது?

1964ஆம் ஆண்டு இத்தீவில் ஆய்வைத் தொடங்கியவர்கள் மூவர். இலண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் பயின்ற இளம் மனநல மருத்துவர் மைக்கேல் ரட்டர், உளவியலறிஞர் ஜாக் டிசார்ட், மருத்துவர் கிங்ஸ்லி விட்மோர். ரட்டருக்கு அப்போது வயது 31. முதலாண்டில் பிள்ளைகளின் அறிவுத்திறனும் வாசிப்புத்திறனும் அளக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் 10, 11 வயதுப் பிள்ளைகள் 2,199 பேரின் மனநலம் ஆராயப்பட்டது.

முதலில் ஒரு வினாப் பட்டியல். பெற்றோருக்கு 31 கூற்றுகள். ஆசிரியருக்கு 26 கூற்றுகள். 'அடிக்கடி கவலைப்படுகிறான்', 'ஓரிடத்தில் உட்கார மாட்டான்', 'தனித்தே இருப்பான்', 'பொய் சொல்வான்', 'நகம் கடிப்பான்' என்ற வகையிலானவை. பொருந்தாது என்றால் சுழி, ஓரளவு பொருந்தும் என்றால் 1, நன்றாகப் பொருந்தும் என்றால் 2. பெற்றோர் பட்டியலில் 13 எண்ணையோ, ஆசிரியர் பட்டியலில் 9 எண்ணையோ எட்டிய பிள்ளைகள் தனியே எடுக்கப்பட்டார்கள்.

இங்கேதான் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. பெற்றோர் அடையாளம் காட்டிய பிள்ளைகளின் பட்டியலையும், ஆசிரியர் அடையாளம் காட்டிய பிள்ளைகளின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டிலும் இடம் பெற்றிருந்த பெயர்கள் மிகச் சிலவே! தாய் கவலைப்பட்ட பிள்ளையிடம் ஆசிரியர் குறை காணவில்லை. ஆசிரியர் கவலைப்பட்ட பிள்ளையிடம் தாய் குறை காணவில்லை. வீட்டில் எலி, வெளியில் புலி என்று நம் பெரியவர்கள் கேலியாகச் சொல்வது வெறும் கேலியன்று. ஒரு பிள்ளை வீட்டில் ஒருவனாகவும் பள்ளியில் மற்றொருவனாகவும் இருக்க முடியும். 'என் பிள்ளை அப்படிச் செய்யவே மாட்டான்' என்று பள்ளியில் வந்து சண்டையிடும் தாயும், 'வகுப்பில் அவன் ஒழுங்காகத்தானே இருக்கிறான்' என்று தாயின் கண்ணீரை அலட்சியப்படுத்தும் ஆசிரியரும் பொய் சொல்லவில்லை. இருவரும் தாம் கண்டதைத்தான் சொல்கிறார்கள். கற்பித்தல் தொழிலில் இருப்போர் இதை ஒருகணம் எண்ணிப் பார்ப்பது நல்லது.

அரை மணி நேரம்

அடுத்த கட்டமாக, தனியே எடுக்கப்பட்ட பிள்ளைகளும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பொதுவில் இருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைகளும் நேரடியாக ஆராயப்பட்டார்கள். பெற்றோரிடம் நீண்ட விசாரணை, ஆசிரியரிடம் குறிப்புகள். அத்துடன் முடிந்திருந்தால் இந்த ஆய்வு பத்தோடு பதினொன்றாகப் போயிருக்கும். ரட்டரும் அவருடைய துணைவர் ஃபிலிப் கிரஹாமும் பிள்ளையையும் தனியே அழைத்து உட்கார வைத்தார்கள்.

அந்நாளில் குழந்தை மனநல மருத்துவர் பலர், பிள்ளையிடம் நேரடியாகக் கேள்வி கேட்பதைப் பயனற்றதாகக் கருதினர். பொம்மைகளைக் கொடுத்து விளையாட விட்டு, அந்த விளையாட்டுக்கு மருத்துவர் தம் போக்கில் பொருள் கற்பிப்பதே வழக்கம். ரட்டரின் முறை அதினும் எளியது. ஏறத்தாழ அரை மணி நேரப் பேச்சு. முதலில், பள்ளி விட்டதும் என்ன செய்வாய், உன் தோழர்கள் யார், உனக்கு எது பிடிக்கும் என்று பொதுவான உரையாடல். பிள்ளை கூச்சம் தெளிந்ததும், உனக்கு எதற்கேனும் அச்சம் உண்டா, எதை எண்ணிக் கவலைப்படுவாய், அழவேண்டும் போல் இருப்பதுண்டா, மற்றப் பிள்ளைகள் உன்னைச் சேர்த்துக்கொள்கிறார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்பது. ஒரு மருத்துவர் பேசிய பிள்ளையிடம் சில நாட்கள் கழித்து மற்றொரு மருத்துவரைப் பேச வைத்து, இருவரும் ஒரே முடிவுக்கு வருகிறார்களா என்றும் சோதித்தார்கள். பிள்ளைக்கு மனநோய் உண்டா இல்லையா என்னும் பொதுத் தீர்ப்பில் இருவரும் போதிய அளவு ஒத்துப்போனார்கள். 1968ஆம் ஆண்டு இம்முடிவு அச்சேறியது. பத்து வயதுப் பிள்ளை தன் மனத்தைப் பற்றித் தானே சொல்லக்கூடியவன் என்பது அன்றுமுதல் மருத்துவத்தில் நிலைபெற்றது.

அச்சத்துக்கும் நோய்க்கும் எல்லை எது என்ற பழைய கேள்விக்கும் அவர்கள் விடை வகுத்தார்கள். நடத்தையிலோ, உணர்ச்சியிலோ, பிறரோடு பழகுவதிலோ இயல்புக்கு மாறான நிலை இருக்கவேண்டும். அது வந்து போவதாக இல்லாமல் நீடிக்க வேண்டும். பிள்ளையின் வாழ்வை முடக்கும் அளவுக்கோ, வீட்டாரையும் சூழ இருப்போரையும் வருத்தும் அளவுக்கோ கடுமையாக இருக்க வேண்டும். அப்போதுதான் அதற்கு நோய் என்று பெயர். தேர்வுக்கு முதல் நாள் வயிற்றைக் கலக்குவது நோயன்று. தேர்வே இல்லாத நாட்களிலும் பல வாரங்களாகப் பள்ளி செல்லும் நேரத்தில் வயிறு வலித்து, வீட்டில் இருந்துவிட்டால் உடனே வலி நின்றுவிடுமானால், அது கவனிக்க வேண்டியது.

இந்த அளவுகோலின்படி கிடைத்த கணக்கு நூற்றுக்கு 6.8. நாற்பது பிள்ளைகள் அமரும் வகுப்பில் ஏறத்தாழ மூவர். இவர்களுள் பெரும்பாலோர் இரு வகையினர். கவலை, அச்சம், துயரம் என்று உள்ளுக்குள் வருந்துவோர் ஒரு வகை; இவர்களில் பெண் பிள்ளைகள் சற்று மிகுதி. திருட்டு, பொய், அடிதடி, அழிவு வேலை என்று வெளியே காட்டுவோர் மறுவகை. இவர்களில் ஆண் பிள்ளைகளே பெரிதும் மிகுதி. இத்தனை பேரில் மனநல மருத்துவரின் கண்காணிப்பில் இருந்தவர்களோ பத்தில் ஒருவர்தாம்! இலவச மருத்துவம் நடைமுறையில் உள்ள, படிப்பறிவு மிக்க ஒரு நாட்டின் நிலை இது.

வாசிக்க இயலாத பிள்ளை

இந்த ஆய்வில் ஆசிரியர்களின் நெஞ்சில் தைக்க வேண்டிய பகுதி ஒன்றுண்டு. அறிவுத்திறன் போதுமான அளவு இருந்தும் எழுத்துக் கூட்டி வாசிக்க மட்டும் இயலாத பிள்ளைகள் சிலரைத் தீவில் கண்டார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நடத்தைக் கோளாறும் உடையவர்களாக இருந்தார்கள். திருப்பிப் பார்த்தாலும் அவ்வாறே: நடத்தை கெட்ட பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் வாசிப்பில் தம் வயதுக்கு இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் பின்தங்கி இருந்தார்கள்.

சேட்டை செய்வதால் படிப்பு ஏறவில்லையா, படிப்பு ஏறாததால் சேட்டை செய்கிறானா? ரட்டர் குழுவினர் இதையும் நுணுகிப் பார்த்தனர். இரு குறைகளும் சேர்ந்திருந்த பிள்ளைகளின் பின்னணி, வெறும் போக்கிரிப் பிள்ளைகளின் பின்னணியை ஒத்திருக்கவில்லை. வாசிக்க மட்டும் இயலாத பிள்ளைகளின் பின்னணியையே ஒத்திருந்தது. ஆகவே, பலரிடத்தில் வாசிப்புத் தோல்வி முதலில் வந்தது, நடத்தைக் கேடு அதன் பின்னே வந்தது என்று கருத இடம் உண்டாயிற்று. நாள்தோறும் நாற்பது பேர் முன்னிலையில் தோற்றுக்கொண்டே இருக்கும் பிள்ளை, வேறு எதிலேனும் பெயர் எடுக்கத்தானே முயல்வான்! பள்ளிக்கூடமாயினும் மதரஸாவாயினும், பாடம் ஒப்பிக்க இயலாதவனைப் பிரம்பால் திருத்த முனைவோர், அவனுக்கு எழுத்துகள் பிடிபடுகின்றனவா என்பதை முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

வலிப்பு நோயுள்ள பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். 5 முதல் 14 வயது வரையிலான தீவுப் பிள்ளைகளில் மூளை தொடர்பான நோயுடையோரைத் தனியே ஆராய்ந்தபோது, வேறு மூளைக் கோளாறு இல்லாத சாதாரண வலிப்புக்காரப் பிள்ளைகளிடம்கூட மனநோய் நூற்றுக்கு 28க்கு மேல் இருந்தது. மூளையோடு தொடர்பில்லாத பிற நெடுநாள் உடல்நோய் உடையோரிடம் அது நூற்றுக்கு 11 அல்லது 12 மட்டுமே. ஆக, நோயால் வரும் சலிப்பு மட்டும் இதற்குக் காரணமன்று. மூளையின் இயக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. வலிப்பு கண்ட பிள்ளையைக் காற்றுப் பட்டவன் என்றும் ஜின் தீண்டியவன் என்றும் சொல்லி மருந்தை நிறுத்துவோர் நம்மிடையே இன்னும் இருப்பதால் இதனை எழுத வேண்டியதாயிற்று.

பதினான்கு வயதில்

நான்காண்டுகள் கழித்து, 1968, 1969ஆம் ஆண்டுகளில், அதே பிள்ளைகள் 14, 15 வயதை எட்டியபோது ஆய்வாளர்கள் மீண்டும் தீவுக்கு வந்தார்கள். பதின்ம வயது என்றாலே புயல், பெற்றோரோடு பகை, எதற்கும் எதிர்ப்பு என்று மேனாட்டு அறிஞர் பலர் எழுதிக் குவித்திருந்த காலம் அது. அது உண்மையா, கற்பனையா என்பதே ரட்டரும் நண்பர்களும் 1976இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையின் தலைப்பு.

கண்டது என்ன? பெற்றோரை வெறுத்து ஒதுங்கிய பிள்ளைகள் சிலரே. தலைமுடி, உடை, இரவில் வீடு திரும்பும் நேரம் பற்றிய சச்சரவுகள் இருந்தன. ஆயினும் பெரும்பாலான பிள்ளைகள் பெற்றோருடன் பேசிக்கொண்டும் அவர்களை மதித்துக்கொண்டும்தான் இருந்தார்கள். அந்த அளவில் புயல் கற்பனையே. ஆனால், பிள்ளைகளைத் தனியே அமர்த்திக் கேட்டபோது வேறொரு காட்சி விரிந்தது. ஏறத்தாழ பாதிப் பேர், தாங்கள் மிகவும் துயரமாக உணர்வதுண்டு என்று சொன்னார்கள். தம்மைத் தாமே இழிவாக எண்ணுவோர் பலர் இருந்தனர். நூற்றுக்கு ஏழெட்டுப் பேர், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்து போனதைச் சொன்னார்கள். இவற்றில் பெரும்பகுதியைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருக்கவில்லை! பிள்ளைகள் தாமே சொன்னவற்றையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, அவ்வயதில் மனநோய் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினரைத் தொட்டது.

வாசலில் கேட்கும் சச்சரவைப் பெரிதாக எண்ணி அஞ்சுகிறோம். உள்ளறையில் நிகழ்வது நம் காதுக்கு எட்டுவதில்லை.

பதினான்கு வயதில் நோயுற்றிருந்தோரில் ஏறத்தாழ பாதிப்பேர் பத்து வயதிலேயே நோயுற்றிருந்தவர்கள், மறுபாதி புதியவர்கள். பழைய நோயாளிகளிடம் வாசிப்புக் குறையும் குடும்பச் சச்சரவும் மிகுந்து காணப்பட்டன. புதியவர்களிடம் வாசிப்புக் குறை காணப்படவில்லை. நன்றாகப் படிக்கிறாள், ஆகவே மனத்தில் ஒன்றும் இருக்காது என்று எண்ணி இருந்துவிடுவதற்கு இல்லை. பத்து வயதில் மிக அரிதாக இருந்த மனச்சோர்வு நோயும் இவ்வயதில் தெளிவாகக் கூடியிருந்தது.

தற்கொலை எண்ணம் பற்றிப் பிள்ளையிடம் கேட்கலாமா, கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடாதா என்று பெற்றோர் அஞ்சுவது இயல்பே. இந்த அச்சத்தையும் ஆய்ந்து பார்த்துவிட்டார்கள். நியூயார்க் மாநிலத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை இரு கூறாக்கி, ஒரு கூறினரிடம் மட்டும் தற்கொலை எண்ணம் பற்றிய கேள்விகளைக் கேட்டார்கள். 2005இல் வெளியான முடிவு இதுதான்: கேட்கப்பட்டவர்களிடம் கேட்கப்படாதவர்களைவிட மனத்துன்பமோ அந்த எண்ணமோ மிகவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வு உடையவர்களுக்கோ, கேட்டது சற்று ஆறுதலாகவே அமைந்திருந்தது.

குடும்பத்தின் பங்கு

அமைதியான தீவின் கணக்கு பெருநகருக்குப் பொருந்துமா? இலண்டன் மாநகரின் உட்பகுதி ஒன்றில் பத்து வயதுப் பிள்ளைகளை அதே முறையில் ஆராய்ந்தபோது நோயின் அளவு தீவைப்போல் இரு மடங்கு இருந்தது. வேறுபாட்டுக்குக் காரணம் தேடியபோது அது நகரத்துக் காற்றில் இல்லை, வீடுகளுக்குள் இருந்தது. கணவன் மனைவி ஓயாச் சண்டை, நெருக்கடியான வீடும் மிகப் பல பிள்ளைகளும், வறிய நிலை, தந்தையின் குற்றச் செயல், தாயின் மனநோய், பிள்ளையை வெளியார் பொறுப்பில் விட நேர்தல் ஆகிய ஆறு இடர்களை ரட்டர் எடுத்துக்கொண்டார். இவற்றுள் ஏதேனும் ஒன்று மட்டும் இருந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு, ஒன்றுமே இல்லாத வீட்டுப் பிள்ளைகளைவிட நோய் மிகுதியாக இல்லை! இரண்டு சேர்ந்தால் நான்கு மடங்கு. நான்குக்கு மேல் சேர்ந்தால் பன்மடங்கு. ஏழ்மை ஒன்றே பிள்ளையை நோயாளி ஆக்கிவிடுவதில்லை. ஏழ்மையோடு சண்டையும், சண்டையோடு நெருக்கடியும் கூடும்போதுதான் பாரம் தாங்க முடியாததாகிறது. அப்படியானால் நான்கு பாரங்களில் ஒன்றை இறக்கி வைத்தாலும் பயன் உண்டு என்றாகிறது. வறுமையை ஒழிக்க நம்மால் முடியாமற் போகலாம். பிள்ளைகள் முன்னிலையில் சண்டையிடாமல் இருக்க முடியும்.

பெற்றோரைப் பிரிந்து வாழ்வது பற்றியும் ரட்டர் நிறைய எழுதினார். அவருக்கு அதில் சொந்த அனுபவமும் இருந்தது. 1933இல் லெபனானின் புரும்மானா என்னும் மலையூரில் ஆங்கில மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர் அவர். உலகப் போரின்போது, 1940இல், ஏழு வயதில், தங்கையுடன் அட்லாண்டிக் கடலைக் கடந்து அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அண்ணனும் தங்கையும் வெவ்வேறு குடும்பங்களில் வளர்ந்தார்கள். 1944இல்தான் தாய் தந்தையரிடம் திரும்பினார். தாயைப் பிரிந்த பிள்ளை கெட்டே தீரும் என்ற கருத்து வலுத்திருந்த காலத்தில், 1972இல் ஒரு நூல் எழுதி அதை மறுஆய்வு செய்தார். நோய், பயணம் போன்ற காரணங்களால் பிரிய நேர்ந்த பிள்ளைகளிடம் நடத்தைக் கேடு மிகவில்லை. சண்டையால் குலைந்த குடும்பத்தில் பிரிவு நேர்ந்தபோதுதான் அது மிகுந்தது என்று காட்டினார். தந்தை வளைகுடா நாட்டில் உழைக்க, தாய் இங்கே பிள்ளைகளோடு இருக்கும் வீடுகள் நம் ஊர்களில் ஏராளம். அவ்வீடுகளை யாரும் தனியே மனத்தில் வைத்து எழுதிய ஆய்வன்று இது. ஆனாலும், ஊரில் இல்லாத வாப்பாவைப் பற்றி வீட்டில் எப்படிப் பேசப்படுகிறது என்பது பிள்ளைக்கு முக்கியமானது என்று மட்டும் இதைக்கொண்டு சொல்லத் தோன்றுகிறது.

வைட் தீவுப் பிள்ளைகளை ஆய்வாளர்கள் விட்டுவிடவில்லை. அவர்கள் 44, 45 வயதுப் பெரியவர்களான பின்னும் தேடிப் பிடித்துப் பேசினார்கள். சிறுவயதில் கடும் அடியோ முறைகேடான தீண்டலோ தமக்கு நேர்ந்ததாக நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் சொன்னார்கள். அவர்களில் பலர் நெடுகவும் மனநோய்க்கு ஆளாகியிருந்தனர். ஆயினும் குறிப்பிடத்தக்க ஒரு பகுதியினர் எந்த மனநோயும் இன்றி வாழ்ந்திருந்தனர். அவர்களுக்கு என்ன வாய்த்திருந்தது? அன்பு காட்டிய தாயோ தந்தையோ ஒருவர். பதின்ம வயதில் நல்ல தோழமை. பின்னாளில் நிலையான இல்லறம். 2007இல் இம்முடிவு வெளியாயிற்று. ரட்டர் 2021 அக்டோபரில் தம் 88ஆம் வயதில் மறைந்தார்.

நம் பக்கம்

இவையெல்லாம் வெள்ளையர் நாட்டுச் செய்திகள், நம் பிள்ளைகளுக்கு இத்தகைய நோய் ஏது என்று சிலர் கேட்கக்கூடும். கேரளத்தில் 8 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளை ஆராய்ந்து 1999இல் வெளியான ஆய்வு, நூற்றுக்கு 9.4 என்றது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவன மருத்துவர்கள் நகரின் நடுத்தர வகுப்பினர் பகுதி, குடிசைப் பகுதி, சிற்றூர் ஆகிய மூன்றிலும் 16 வயது வரையிலான 2,064 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். 2005இல் வெளியான அவ்வாய்வின் கணக்கு 12.5 விழுக்காடு. நடுத்தர வகுப்பு, குடிசை, சிற்றூர் என்ற வேறுபாடு பெரிதாக இல்லை. படுக்கையில் சிறுநீர் கழித்தல், குறிப்பிட்ட பொருளைக் கண்டு மிகை அச்சம், அளவு மீறிய துறுதுறுப்பு, திக்குவாய், எதற்கும் எதிர்த்து நிற்கும் போக்கு ஆகியவை மிகுதியாகக் காணப்பட்டன. அன்றாட வாழ்வே முடங்கும் அளவுக்குப் பாதிப்பு உடையோர், 4 முதல் 16 வயது வரையிலானவர்களில், நூற்றுக்கு ஐவருக்குச் சற்று மேல்.

எண்களில் மிக முக்கியமானது இன்னும் ஒன்று. நோயுள்ள பிள்ளைகளின் குடும்பங்களில், தம் பிள்ளைக்கு ஏதோ ஒரு குறை இருக்கிறது என்று உணர்ந்திருந்தவை 37.5 விழுக்காடு மட்டுமே. மற்றக் குடும்பத்தார் ஆய்வாளர்கள் வந்து சொன்னபோதுதான் அதைக் கேள்விப்பட்டார்கள்! இவர்கள் பிள்ளைமேல் அன்பில்லாதவர்கள் அல்லர். படுக்கை நனைப்பதை வயது வந்தால் சரியாகும் என்று விட்டிருப்பார்கள். திக்குவதைக் கூச்சம் என்றும், ஓயாமல் ஓடுவதைக் குறும்பு என்றும், வாய் திறவாததை அடக்கம் என்றும் எண்ணியிருப்பார்கள். பெயர் தெரியாத ஒன்றைக் குறையென்று உணர்வது யாருக்கும் எளிதன்று.

பெயர் தெரிந்தபின் செல்ல இடம் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு உண்டு. 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' என்னும் அரசுத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். மருத்துவரிடம் செல்லும்போது, வீட்டில் பிள்ளை எப்படி, பள்ளியில் எப்படி, எத்தனை நாளாக என்பதை ஆசிரியரிடமும் கேட்டு எழுதிக்கொண்டு போவது நல்லது. பிள்ளையுடன் தனியாகச் சற்று நேரம் பேச வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், உம்மாவோ வாப்பாவோ வெளியே போய் உட்கார்ந்திருக்கலாம்.